பாரா கயாக் பந்தயத்தில் கே.எல்.1, கே.எல்.2, கே.எல்.3: அந்த எண்கள் எதை அளக்கின்றன?

பாரா கயாக் என்பது காலிலோ உடற்பகுதியிலோ குறைபாடு உள்ளவர்கள் ஒற்றை ஆள் துடுப்புப் படகில் போட்டியிடும் பந்தயம். உலக அளவிலான அப்படி ஒரு பந்தயத்தை, அதுவும் ஆண்கள் 200 மீட்டர் இறுதிப் போட்டியைக் கைப்பேசியில் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். முதலில் வருகிறவருக்கு இரண்டு காலும் இல்லை. அவருக்குப் பின்னால் வருகிறவருக்கு இரண்டு காலும் இருக்கின்றன. இருவரும் ஒரே பந்தயத்தில் எப்படி? இதில் யாருக்குச் சலுகை, யாருக்கு அநியாயம்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் சிக்கலாகிவிடும். இங்கே உடல் குறைபாட்டை அளக்க எல்லாருக்கும் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: அரசு மருத்துவமனையில் எழுதித் தரும் சதவீதம். "அவருக்கு 80 சதவீதம், இவருக்கு 50 சதவீதம்" என்று பேசிப் பழகிய கண்ணுக்கு, கே.எல்.1, கே.எல்.2, கே.எல்.3 என்று திரையில் ஓடும் வகுப்புக் குறியீடுகளும் அதே சதவீதத்தின் வேறு வடிவம் போலத் தோன்றும். அப்படி இல்லை. அந்த எண்கள் ஒருவர் எவ்வளவு இழந்தார் என்பதை அளப்பதில்லை. அவரிடம் இருக்கிற உடலில் எவ்வளவு பங்கு படகைத் தள்ளப் பயன்படுகிறது என்பதை அளக்கின்றன. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மற்றவை தானாக விளங்கும்.

பந்தயத்தின் அடிப்படை

அமைதியான நீரில் 200 மீட்டர் நேர்கோடு. 9 மீட்டர் அகலத்தில் தடங்கள், தடத்துக்கு ஒரு படகு, படகுக்கு ஒருவர். தொடக்கக் கோட்டில் ஒவ்வொரு படகின் மூக்கையும் ஒரு தானியங்கிக் கருவி பிடித்துக்கொண்டிருக்கும். ஆணை வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டுவிடும். படகின் மூக்கு முடிவுக்கோட்டைத் தொடும் கணம்தான் கணக்கு. வழியில் கவிழ்ந்தால் பந்தயம் போயிற்று.

கயாக்கில் கால்களை முன்னால் நீட்டி உட்கார வேண்டும். துடுப்புக்கு இரண்டு முனையிலும் தகடு உண்டு. வலம், இடம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். பாரா கயாக்கின் நீளம் 5.20 மீட்டரைத் தாண்டக் கூடாது, எடை 12 கிலோவுக்குக் குறையக் கூடாது, அடிப்பகுதி அகலம் 50 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அகல விதிக்குக் காரணம் இருக்கிறது. குறைபாடில்லாத வீரர்களின் பந்தயக் கயாக் இதைவிட ஒடுக்கமானது. பழகாதவர் ஏறி உட்கார்ந்தாலே கவிழ்ந்துவிடும். படகு அகலமானால் ஆட்டம் குறையும், வேகமும் கொஞ்சம் குறையும்.

உலகப் போட்டியில் இந்தப் பந்தயம் 2009இல் கனடாவின் டார்ட்மவுத்தில் காட்சிப் போட்டியாக நடந்தது. 2010இல் போலந்தின் போஸ்னானில் முறையான பதக்கப் போட்டியானது. பாராலிம்பிக்கில் 2016 ரியோவில்தான் நுழைந்தது. அங்கே 6 பதக்கப் போட்டிகள், டோக்கியோவில் 9, 2024 பாரிஸில் 10. வயதில் சின்ன விளையாட்டு. அதன் விதிகள் இன்னும் மெருகேறிக்கொண்டிருக்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

வேகம் கையிலிருந்து மட்டும் வருவதில்லை

கயாக் என்றால் கைவலு என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். செட்டிநாட்டு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவரைக் கவனித்தால் நிலைமை வேறு என்று தெரியும். கயிற்றை இழுப்பது கைதான். ஆனால் பாதம் தரையில் ஊன்றி, இடுப்பு திரும்பி, முதுகு வளைந்து கொடுத்தால்தான் வாளி விறுவிறுவென்று மேலே வரும். அதே ஆளைக் கால் தரையில் படாத உயரத்தில் உட்காரவைத்து இறைக்கச் சொன்னால், கையில் அதே வலு இருந்தும் மூச்சு வாங்கும்.

கயாக்கிலும் இதுதான். வலப்பக்கம் துடுப்பு போடும்போது வலது பாதம் உள்ளே இருக்கிற மிதிபலகையை உதைக்கிறது. அந்த உதையில் வலது இடுப்பு பின்னால் போகிறது, உடல் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது, அந்தத் திருப்பம்தான் தோள் வழியாகத் துடுப்புக்கு இறங்குகிறது. கால் உதைக்க முடியாதவருக்கு இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி இல்லை. வயிறு, முதுகுத் தசைகளும் வேலை செய்யாவிட்டால் இரண்டாவது கண்ணியும் இல்லை. மிச்சம் இருப்பது தோளும் கையும்.

சமநிலையும் இதே தசைகளின் வேலைதான். படகு சாயும்போது நம்மை அறியாமலே இடுப்பும் தொடையும் அதைத் திருத்துகின்றன. அது முடியாதவர் துடுப்பாலேயே படகை வேகப்படுத்தவும் வேண்டும், நிமிர்த்திப் பிடிக்கவும் வேண்டும். 200 மீட்டர் முழுக்க இந்த இரட்டை வேலை. தொலைக்காட்சியில் இது தெரிவதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

வகுப்பு எப்படி முடிவாகிறது

சர்வதேச கேனோ கூட்டமைப்பின் வகைப்பாட்டாளர்கள் ஒவ்வொரு வீரரையும் நேரில் சோதிக்கிறார்கள். மருத்துவம் அல்லது உடலியக்க சிகிச்சை தெரிந்தவர்களும் விளையாட்டின் நுட்பம் தெரிந்தவர்களும் அதில் இருப்பார்கள். வரிசை இது:

1. முதல் வடிகட்டல். தசைவலுக் குறைவு, உறுப்பு இழப்பு, மூட்டு அசையும் எல்லை குறைவது ஆகிய மூன்று வகைக் குறைபாடுகள் மட்டுமே ஏற்கப்படும். அவையும் காலிலோ உடற்பகுதியிலோ இருக்க வேண்டும். கையில் மட்டும் குறைபாடு உள்ளவருக்கு இதில் இடமில்லை. பாரிஸில் பாரா பேட்மிண்டனில் பதக்கம் வென்ற துளசிமதி முருகேசனும் மனிஷா ராமதாஸும் கை தொடர்பான எஸ்.யு.5 வகுப்பில் ஆடுகிறவர்கள். உலகத் தரத்தில் விளையாடினாலும் கயாக் வகுப்புகள் அவர்களுக்குப் பொருந்தாது. ஒரு விளையாட்டின் வகுப்பு இன்னொரு விளையாட்டுக்குச் செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

2. கால் சோதனை. இடுப்பு, முட்டி, கணுக்கால் ஆகியவற்றை மடக்கி நீட்டுவது, காலால் தள்ளுவது என்று ஒவ்வொரு காலுக்கும் 7 அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. இரண்டு காலும் முழு வலுவோடு இருந்தால் 28.

3. உடற்பகுதிச் சோதனை. முன்னால் குனிவது, பின்னால் சாய்வது, பக்கவாட்டில் வளைவது, திரும்புவது, தள்ளாட்டத்தைத் தாங்குவது.

4. நீரில் சோதனை. படகில் ஏற்றித் துடுப்பு போடச் சொல்லி, உண்மையில் எந்தப் பகுதி அசைகிறது என்று பார்ப்பார்கள். மேசையில் நன்றாகத் திரும்பும் உடல் படகில் திரும்பாமல் போகலாம். நேர்மாறாகவும் நடக்கும்.

கால், உடற்பகுதி, நீர் மூன்றின் முடிவும் தலா 1, 2, 3 என்ற சுருக்கப் புள்ளியாக மாற்றப்படும். மூன்றையும் கூட்டினால் குறைந்தது 3, அதிகம் 9. கூட்டுத்தொகை 3 என்றால் கே.எல்.1, 4 முதல் 7 வரை கே.எல்.2, 8 அல்லது 9 என்றால் கே.எல்.3.

உதாரணத்துக்கு மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்வோம். நெஞ்சு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டு, அதற்குக் கீழே எந்தத் தசையும் இயங்காதவருக்கு மூன்றிலும் 1 வரும், கே.எல்.1. இரண்டு காலையும் முட்டிக்கு மேலே இழந்தவருக்கு உடற்பகுதி முழு வலுவோடு இருக்கும், அங்கே 3. இடுப்பு மூட்டு வேலை செய்வதால் காலுக்கு 2, நீரிலும் 2 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 7, கே.எல்.2. ஒரு கால் மட்டும் முட்டிக்கு மேலே போனவருக்கு மறுகால் முழுதாக உதைக்கும். மூன்றிலும் 3 வந்து கே.எல்.3இல் நிற்பார்.

இப்போது தொடக்கத்தில் வந்த சந்தேகத்துக்குத் திரும்பலாம். இரண்டு காலும் உள்ளவர் சிறுவயதில் போலியோ தாக்கியவராகவோ முதுகில் கீழ்ப்பகுதி அடிபட்டவராகவோ இருக்கலாம். கால் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் உதைக்கவில்லை. படகைப் பொறுத்தவரை அது இயந்திரம் இல்லாத சுமை. காலில்லாதவரோ அந்தச் சுமையும் இல்லாமல், முழு வலு உள்ள உடற்பகுதியோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் வருவதில் வியப்பில்லை.

கே.எல்.2 ஏன் இவ்வளவு கலவையாக இருக்கிறது

மேலே சொன்ன கணக்கை உற்றுப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். கே.எல்.1க்கு ஒரே ஒரு கூட்டுத்தொகைதான். கே.எல்.3க்கு இரண்டு. கே.எல்.2க்கோ 4, 5, 6, 7 என்று நான்கு. கூட்டுத்தொகை 4 உள்ளவருக்கு உடற்பகுதி வலு சிறிதளவே இருக்கலாம். 7 உள்ளவருக்கு முழு உடற்பகுதியும் இருக்கலாம். இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் நிற்பார்கள்.

அநியாயம் என்று யாராவது சொன்னால் அதில் உண்மை இருக்கிறது என்பேன். ஆனால் அந்த அநியாயம் காலில்லாதவருக்கும் காலுள்ளவருக்கும் இடையில் இல்லை. 7 புள்ளிக்காரருக்கும் 4 புள்ளிக்காரருக்கும் இடையில் இருக்கிறது. வகுப்பைப் பிரித்துக்கொண்டே போனால் நியாயம் கூடும், ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் போட்டிக்கு ஆள் குறையும். நாலைந்து பேர் மட்டும் கலந்துகொள்ளும் உலகப் போட்டியின் பதக்கத்துக்கு மதிப்பு இருக்காது. எல்லா பாரா விளையாட்டும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு கோடு போட்டாக வேண்டும். மாரியப்பன் தங்கவேலுவின் உயரம் தாண்டுதலைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு இது பழக்கம்: ரியோவில் டி42 என்ற கால் குறைபாட்டு வகுப்புக்கு நடந்த போட்டி டோக்கியோவில் டி63 என்ற பெயரில், டி42, டி63 இரு வகுப்பினரும் சேர்ந்து நடந்தது.

இதனாலேயே வகைப்பாட்டில் வேண்டுமென்றே வலுவைக் குறைத்துக் காட்டுவது கடும் குற்றம். சோதனையில் அசையாத தசை பந்தயத்தில் அசைகிறதா என்று போட்டியின்போதும் கவனிப்பார்கள். நிலை மாறக்கூடிய உடல்நிலை உள்ளவர்கள் மறுபடியும் மறுபடியும் சோதனைக்கு வர வேண்டும். ஒருவரின் வகுப்பு போட்டிக்குச் சில நாள் முன்பு திடீரென மாறுவதும் அப்படித்தான். செய்தியில் படிக்கும்போது மோசடி போலத் தோன்றும். பெரும்பாலும் அது வழக்கமான நடைமுறை.

ஒரே ஆளுக்கு இரண்டு எண்

ஆஸ்திரேலியாவின் கர்ட்டிஸ் மெக்ராத் ராணுவப் பொறியாளராக இருந்தவர். 2012இல் ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் இரண்டு கால்களையும் இழந்தார். அவர் முதலில் தேர்ந்தது கயாக்கில் அல்ல, வாஆ என்ற பசிபிக் தீவுப் படகில். ஒரு பக்கம் மிதவை கட்டிய, 7.3 மீட்டர் நீளப் படகு அது. ஒற்றைத் தகட்டுத் துடுப்பு, சுக்கான் கிடையாது. ரியோவில் வாஆ இடம்பெறாது என்று 2015இல் முடிவானதும் கயாக்குக்கு மாறி, மறு ஆண்டே கே.எல்.2 தங்கம் வென்றார். டோக்கியோவில் கே.எல்.2 தங்கத்தோடு வி.எல்.3 என்ற வாஆ தங்கமும். பாரிஸில் மூன்றாவது முறையாகக் கே.எல்.2 தங்கம்.

கயாக்கில் 2, வாஆவில் 3. உடல் ஒன்றுதான், படகுதான் வேறு. கயாக்கில் கால் உதைக்கு வேலை அதிகம். கால் இல்லாதது பெரிய குறை. வாஆவில் உடற்பகுதிக்குத்தான் முதலிடம். அது முழு வலுவோடு இருப்பதால் குறைபாடு குறைந்தவர்களின் வகுப்பில் அவர் நிற்கிறார். சதவீதம் என்ற அளவுகோலால் இதை விளக்கவே முடியாது.

நேரங்களை எப்படிப் படிப்பது

உலகத் தரமான ஆண்கள் பந்தயங்களில் கே.எல்.3 சுமார் 40 விநாடியிலும், கே.எல்.2 41, 42 விநாடியிலும், கே.எல்.1 45 விநாடியை ஒட்டியும் முடியும். ரியோவில் குறைபாடில்லாதோருக்கான 200 மீட்டரை பிரிட்டனின் லியாம் ஹீத் 35 விநாடி சொச்சத்தில் வென்றார்.

40க்கும் 45க்கும் ஐந்து விநாடிதானே என்று தோன்றும். கணக்குப் போடுவோம். 40 விநாடி என்றால் விநாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். 45 விநாடி என்றால் மணிக்கு 16. நீரில் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறும். 18ஐ 16ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 1.42. அந்த இரண்டு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும். கால் உதையும் உடல் திருப்பமும் கொடுப்பது இந்த வித்தியாசத்தைத்தான். இப்படிப் பார்த்தால், தோளையும் கையையும் மட்டும் நம்பி 45 விநாடியில் வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ஹங்கேரியின் பீட்டர் கிஸ் டோக்கியோவில் 18 வயதில் அதைச் செய்தார், பாரிஸிலும் கே.எல்.1 தங்கம் அவருக்கே. ரியோவில் அதே வகுப்பு 51 விநாடியை ஒட்டித்தான் வெல்லப்பட்டிருந்தது.

ஆனாலும் இரண்டு ஊர் நேரங்களை ஒப்பிடும்போது கவனம் வேண்டும். பின்காற்று அடித்தால் நேரம் குறையும், எதிர்காற்று அடித்தால் கூடும். அதனால்தான் இந்த விளையாட்டில் "உலகச் சாதனை" என்று சொல்லாமல் "உலகின் சிறந்த நேரம்" என்று மட்டும் குறிக்கிறார்கள். நம்பத் தகுந்தது ஒரே பந்தயத்தில் இருக்கிற இடைவெளிதான்: விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 1 விநாடி என்பது ஏறக்குறைய ஒரு படகு நீளம், 0.1 விநாடி என்பது அரை மீட்டர்.

இந்தியா எங்கே நிற்கிறது

பிராச்சி யாதவ் டோக்கியோவில் வி.எல்.2 இறுதிப் போட்டி வரை போய் 8ஆவதாக வந்தார். பாராலிம்பிக்கில் துடுப்பு பிடித்த முதல் இந்தியர். 2022 உலகப் போட்டியில் பூஜா ஓஜா வி.எல்.1 வெள்ளி வென்றார். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் பிராச்சிக்குக் கே.எல்.2 தங்கமும், ஆண்கள் கே.எல்.3இல் மணிஷ் கௌரவுக்கு வெண்கலமும் கிடைத்தன. பாரிஸில் ஆண்கள் கே.எல்.1இல் யஷ் குமார் கலந்துகொண்டார். இந்த வரிசையில் மத்தியப் பிரதேசத்தின் பங்கு பெரிது. போபாலில் பெரிய ஏரி, கரையில் பயிற்சி வசதி, படகு மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது அதற்கு முக்கியக் காரணம்.

செட்டிநாட்டுத் தண்ணீரில் முடியுமா

ஊருணிகளால் பெயர் பெற்ற ஊர்ப்பக்கம் என்பதால் இந்தக் கேள்வி இயல்பானது. நேரடியாகச் சொன்னால், பந்தயப் பயிற்சிக்கு ஊருணி ஒத்துவராது. பெரும்பாலானவை சதுரமானவை, 200 மீட்டர் நேர்கோடும், அதைத் தாண்டிப் படகை நிறுத்த இடமும் கிடைக்காது. சுற்றிலும் கல் படிக்கட்டு. சக்கர நாற்காலியில் வருகிறவரால் தண்ணீரைத் தொடவே முடியாது. குடிநீருக்கென்று காத்து வரும் ஊருணியில் படகு விடக் கேட்பதும் முறையில்லை. கண்மாய்களில் நீளம் உண்டு, ஆனால் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சில மாதம்தான் தண்ணீர். ஆழம் குறைந்த இடத்தில் படகின் அலை அடித்தரையோடு உரசி இழுப்பு கூடும்; அங்கே எடுக்கும் நேரத்துக்குப் பொருளில்லை.

ஆனால் முதல் கட்டத்துக்குப் பந்தய நீர் தேவையில்லை. உட்கார்ந்தபடி துடுப்பு போடும் பயிற்சி இயந்திரத்தில் உடல் திருப்பத்தைப் பழகலாம். மழைக்குப் பிந்தைய மாதங்களில், கரை சரிவாக இருக்கிற கண்மாயில், உயிர்காப்பு உடையும் நீச்சல் தெரிந்த துணையும் வைத்துக்கொண்டு அகலமான படகில் சமநிலை பழகலாம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. இப்படி ஒரு இயந்திரத்தை வைத்துத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் இந்த வட்டாரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

ஆர்வம் உள்ள ஒருவர் செய்ய வேண்டியவை:

1. குறைபாடு காலிலா உடற்பகுதியிலா, ஏற்கப்படும் மூன்று வகைகளில் வருகிறதா என்று பார்த்துக்கொள்வது. சாலை விபத்தில் கால் போனவர்களும் சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டவர்களும் தகுதிக்கு வெளியே இல்லை. சர்க்கரை நோயாளிகள் மட்டும் காலில் புண் பட்டாலும் தண்ணீரில் ஊறினாலும் வரும் ஆபத்தை மருத்துவரிடம் முதலில் பேசிவிட வேண்டும்.

2. தோளைக் காப்பது. சக்கர நாற்காலியைத் தள்ளுவது, கட்டிலுக்கு மாறுவது, செட்டிநாட்டு வீடுகளின் உயர்ந்த படிகளில் உடம்பைத் தூக்கி ஏற்றுவது என்று எல்லாவற்றையும் தோளே செய்கிறது. அதோடு துடுப்பும் சேர்ந்தால், முதுகுப்பக்கத் தசைகளைப் பலப்படுத்தாமல் தாக்குப்பிடிக்காது.

3. இருக்கையில் உடலைக் கட்டும் பட்டை, கவிழ்ந்தால் தன் கையாலேயே நொடியில் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இதைக் கரையோரம், ஆழமில்லாத நீரில் முதலில் பழகிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

4. காகிதங்கள். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று எழுதிய சான்றிதழும் அடையாள அட்டையும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் சலுகைகளுக்கு வேண்டியவை; அவற்றை வைத்து வகைப்பாட்டாளர் வகுப்பு தர மாட்டார். அவருக்கு வேண்டியது நோயின் பெயரும் அதற்கான ஆதாரமும்: அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே அல்லது ஸ்கேன், நரம்புச் சோதனை அறிக்கை, மருத்துவர் ஆங்கிலத்தில் நிரப்பிய படிவம். பல வருடத்துக்கு முன் சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்தத் தாள்களைத் தேடி எடுக்கவே நாள் பிடிக்கும், சிலவற்றுக்குப் புதிதாகச் சோதனை எடுக்க வேண்டிவரும். படகு கிடைக்கும் வரை காத்திருக்காமல் அந்த வேலையை இப்போதே தொடங்கலாம்.